வெள்ளிக்கிழமை திறக்காத சர்வர்

பிரான்சு நாட்டில் யாரோ ஒருவர் வாங்கிய தயிர் புளித்துப்போனால், அந்தச் செய்தி கடைசியில் புதுச்சேரியின் உப்பளம் பகுதிக்குத்தான் வந்து சேரும். நம்பக் கஷ்டமாக இருக்கலாம். ஆனால் இரண்டாயிரத்து ஆறில் உலகம் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. லியோன் நகரத்துப் பக்கம் பல கிளைகளோடு ஒரு பெரிய மளிகைக் கடை. அதன் வாடிக்கையாளர்கள் கையால் எழுதிப் பெட்டியில் போடும் புகார்ச் சீட்டுகளைப் படம் பிடித்து இங்கே அனுப்பிவிடுவார்கள். உப்பளத்தில் ஒரு மாடியில், ஜானகி டேட்டா சர்வீசஸ் என்ற பலகையின் கீழே, பிரெஞ்சு படித்த முப்பது பேர் உட்கார்ந்து அந்தக் கிறுக்கலைப் படித்துத் தட்டச்சு செய்து திருப்பி அனுப்புவார்கள். அந்த ஊர்க் கிழவிகளில் யாருக்கு எந்தப் பாலாடைக்கட்டி ஆகாது என்பது அவர்களுடைய சொந்த மருமகள்களுக்குத் தெரியாது. இங்கே சூப்பர்வைசராக இருந்த அஞ்சலாட்சிக்குத் தெரியும்.

இந்த அலுவலகத்தில்தான் மேனகா அந்த வருஷம் தை மாதம் வேலைக்குச் சேர்ந்தாள். பாலிடெக்னிக் படிப்பு, அரியாங்குப்பத்தில் வீடு, ஒரு பழைய ஸ்கூட்டி, யார் முன்னாலும் தலையைச் சொறிந்துகொண்டு நிற்காத சுபாவம். வேலைக்குப் பெயர் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர். அவ்வளவு நீளத்தைச் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லாததால் சிஸ்டம் பொண்ணு என்று ஆக்கிவிட்டார்கள். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் சிஸ்டம் பொண்ணு, மின்விசிறி கிறீச்சிட்டாலும் சிஸ்டம் பொண்ணு. ஒருமுறை தண்ணீர் கேன் கவிழ்ந்ததற்கும் கூப்பிட்டார்கள். அதற்கு மட்டும் அவள் போகவில்லை.

வந்த சூட்டோடு சூடாக அவள் பழைய சர்வரை மாற்றினாள். அந்த அலுவலகத்துச் சீட்டுகள், கணக்குகள், சகலமும் சர்வர் என்கிற அந்த ஒரு பெட்டிக்குள்தான் இருந்தன. காலையில் வந்ததும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுக்க வேண்டும். சர்வர் சரி என்றால் வேலை, இல்லையென்றால் வேடிக்கை. பழைய பெட்டி இருமிக்கொண்டும் முனகிக்கொண்டும் இருந்ததால் மேனகா புதியது ஒன்றை வாங்கச் செய்து, பழையதற்கு இருந்த அதே பெயரையும் அதே நெட்வொர்க் விலாசத்தையும் அதற்குக் கொடுத்தாள். அப்படிச் செய்தால் முப்பது கம்ப்யூட்டரிலும் தனித்தனியாகப் போய்க் கை வைக்க வேண்டியதில்லை. கூடவே எல்லோரையும் பாஸ்வேர்டு மாற்றச் சொன்னாள். அதுதான் பெரிய கலவரமாகிவிட்டது. பாதிப் பேர் ‘முருகன்’ என்று வைத்திருந்தார்கள். மீதிப் பேர் ஒன்று முதல் ஆறு வரை எண்ணி வைத்திருந்தார்கள். முருகனை மாற்றினால் குற்றமாகிவிடாதா என்று ஒருவர் நிஜமாகவே கேட்டார்.

“பழைய சர்வர்ல இருக்கறத அழிச்சிட்டுக் குடுக்கறேன் சார். அப்பறமா காயலான் கடைக்குப் போட்டுடலாம்” என்று மேனகா முதலாளியிடம் சொன்னாள்.

முதலாளி ஜானகிராமனுக்கு முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. “அழிக்கறதெல்லாம் வேணாம்மா. அத நான் பாத்துக்கறேன். நானே போட்டுடறேன்” என்றார்.

ஜானகிராமன் நல்ல மனிதர். ஆனால் நாள்காட்டியைக் கேட்காமல் தும்மக்கூட மாட்டார். ராகு காலத்தில் கையெழுத்துப் போடமாட்டார், எமகண்டத்தில் போன் எடுக்கமாட்டார், அஷ்டமியில் புது ஆளைச் சேர்க்கமாட்டார். மேனகாவையே நாள் பார்த்துத்தான் சேர்த்தார். வெள்ளிக்கிழமைகளில் மற்றவர்களுக்கு முன்னால் வந்து, தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பூஜை செய்வார். கற்பூர வாசனை மட்டும் கூடத்துக்கு வரும். அந்த நேரத்தில் கதவைத் தட்ட யாருக்கும் அனுமதி இல்லை.

மாசி பிறந்த பிறகு வந்த ஒரு வெள்ளிக்கிழமைதான் வம்பு ஆரம்பித்தது. காலையில் எல்லோரும் உட்கார்ந்து பாஸ்வேர்டு போட்டால், தப்பு என்றது. மறுபடி போட்டால், தப்பு என்றது. மூன்றாவது முறை சிலரை உள்ளே விட்டது. விட்டவர்களைக் கொஞ்ச நேரத்தில் பிடரியைப் பிடித்து வெளியே தள்ளியது. வெளியே நின்றவர்களில் ஒருவரை, அவர் ஒன்றும் செய்யாமலேயே, உள்ளே விட்டது. கூடம் முழுக்க ஒரே கூச்சல்.

மேனகா சர்வர் முன்னால் போய் உட்கார்ந்தாள். யார் எப்போது வந்தார்கள், யாரை ஏன் திருப்பி அனுப்பினோம் என்பதையெல்லாம் சர்வர் தனக்குள் குறித்து வைத்துக்கொள்ளும். அதைத் திறந்து பார்த்தவளுக்குத் தலை சுற்றியது. யாரையும் திருப்பி அனுப்பியதாகவே அதில் இல்லை. கதவைத் தட்டினோம், திட்டி விரட்டிவிட்டார்கள் என்று முப்பது பேர் சொல்கிறார்கள். வீட்டுக்காரரோ நான் யாரையும் விரட்டவே இல்லையே என்கிறார். யாரை நம்புவது?

அவள் வயர்களைப் பிடுங்கி மாட்டினாள். எல்லா வயரும் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டியை அணைத்துப் போட்டாள். சர்வரையே அணைத்துப் போட்டாள். ஒன்றும் சரிப்படவில்லை. பத்தரை மணிக்கு எதுவுமே நடக்காதது போல எல்லாம் தானாகச் சரியாகிவிட்டது. மேனகாவுக்கு நிம்மதியைவிட எரிச்சல்தான் அதிகமாக வந்தது. தானாகக் கெட்டுத் தானாகச் சரியாகும் கோளாறைப் போல ஒரு சிஸ்டம் அட்மினை அவமானப்படுத்துவது வேறில்லை.

சனிக்கிழமை முதல் வியாழக்கிழமை வரை சர்வர் தங்கமாக இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் அதே கூத்து. அதே பத்தரைக்கு அடங்கியது.

“ஊர்ல எல்லாருக்கும் ராகு காலத்துல கெட்டுப் போவும். நமக்கு ராகு காலம் பொறந்தாதான் வேலையே ஓடுது” என்றான் இனியவன். கடைசி வரிசையில் உட்கார்ந்து தட்டச்சு செய்பவன், வேலையைவிடக் கிண்டலில் கெட்டிக்காரன். கூடமே சிரித்தது. மேனகாவும் சிரித்துவைத்தாள்.

அதற்குப் பிறகு வந்த வெள்ளிகளில் அவள் பார்க்காத இடமில்லை. எலி கடித்திருக்கும் என்று வயர் வயராகத் தடவிப் பார்த்தாள். ஸ்விட்ச் பெட்டியை மாற்றினாள். வெள்ளிக்கிழமை மட்டும் ஏதாவது வேலை தானாக ஓடும்படி யாராவது சர்வரில் எழுதி வைத்திருக்கிறார்களா என்று துருவினாள். கீழ்த்தளத்து ஜெராக்ஸ் கடை மீதுகூடச் சந்தேகப்பட்டாள். கையில் ஏதாவது நுனி அகப்படும் நேரத்தில் பத்தரை ஆகி, எல்லாம் சரியாகி, நுனி நழுவிவிடும். திருடன் ஓடிய பிறகு வாசலில் நின்று என்ன பிரயோசனம்?

கோளாறுக்குக் காரணம் கிடைக்காத இடத்தில் மனிதர்கள் சும்மா இருப்பார்களா? ஒரு காரணத்தை உண்டாக்கிவிட்டார்கள். மதியம் சாப்பிடும்போது அஞ்சலாட்சிதான் அதை முதலில் வாய்விட்டுச் சொன்னாள். கெட்ட மனசு இல்லாதவள், ஆனால் நாக்குக்குக் கதவு இல்லை.

“தப்பா நெனச்சிக்காத பாப்பா. முன்ன சிஸ்டம் பாத்த பையன் இருந்தப்ப வெள்ளிக்கெழம ஒரு தொந்தரவும் இல்ல. நீ வந்தப்பறந்தான் இது. ஒரு தபா மணக்குள விநாயகருக்குத் தேங்கா ஒடச்சிட்டு வாயேன்.”

“தேங்கா ஒடச்சா பாஸ்வேர்டு வேல செய்யுமாக்கா?”

“அதுக்கில்லடி. ஒவ்வொருத்தருக்கு ஒரு ராசி இருக்குல்ல.”

ராசி. அந்த ஒரு சொல்தான். மறுவாரம் அது கூடம் முழுக்கப் பரவி, டவுன் பஸ் ஏறி அரியாங்குப்பத்துக்கும் போய்விட்டது. தெருமுனைக் கடையில் பால் வாங்கப் போன அம்மாவிடம் யாரோ, உங்க பொண்ணு வேல செய்யற எடத்துல ஏதோ ஆவலியாமே என்று கேட்டிருக்கிறார்கள். சர்வர் திறக்காததுகூட மேனகாவுக்குப் பெரிதில்லை. வேலை தெரியவில்லை என்று சொல்லட்டும், கற்றுக்கொள்ளலாம். ராசியில்லாதவள் என்றால் எந்தப் புத்தகத்தைப் படித்து அதைச் சரிசெய்வது? ஒருமுறை ஒட்டினால் அடுத்த வேலைக்கும் கூடவே வரும், கல்யாணப் பேச்சுக்கும் கூடவே வரும். அதை நினைத்தால் அவளுக்குப் பயமாகவே இருந்தது.

அந்த நேரத்தில்தான் லியோனிலிருந்து ஆள் வருகிறார் என்று செய்தி வந்தது. மதாம் ஷந்தால், மளிகைக் கடையின் பெரிய அதிகாரி. ஒப்பந்தத்தை நீட்டிப்பதா வேண்டாமா என்று நேரில் பார்த்து முடிவு செய்யப் போகிறாராம். வரும் நாள் வெள்ளிக்கிழமை. ஜானகிராமன் நாளை மாற்ற எவ்வளவோ முயன்று பார்த்தார். பிரான்சு நாட்டு விமானத்துக்கு நாள்காட்டி தெரியவில்லை.

வியாழக்கிழமை மாலை அவர் மேனகாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் இருந்த பேப்பர்வெயிட்டை உருட்டிக்கொண்டே இருந்தார்.

“நாளைக்கு நீ லீவு எடுத்துக்கோம்மா.”

“நாளைக்கா? நாளைக்குத்தான சார் நான் கண்டிப்பா இருக்கணும்? ஏதாவது கெட்டுச்சுன்னா?”

“நீ இல்லன்னா கெடாதுல்ல.” சொல்லிவிட்டு அவருக்கே கூச்சமாகப் போய்விட்டது. “நான் நம்பறேனோ இல்லியோ, எல்லாரும் ஒரு மாதிரி பேசறாங்க. முப்பது குடும்பம்மா. ஒரு நாள்தான.”

மேனகாவுக்குக் கோபம் தொண்டை வரை வந்தது. ஆனால் வாயில் வந்து சேர்ந்தது, “சரி சார்” மட்டும்தான். படியிறங்கும்போதுதான் இதில் இருக்கும் வில்லங்கம் அவளுக்கு உறைத்தது. நாளைக்குக் கெட்டால் ஒப்பந்தம் போய்விடும். கெடாவிட்டால், பார்த்தாயா அவள் இல்லை, எல்லாம் ஒழுங்காக நடந்தது என்பார்கள். அதன் பிறகு ஆயுசுக்கும் அந்தப் பெயர் போகாது. அலுவலகம் நன்றாக இருக்க வேண்டும் என்றும் வேண்ட முடியவில்லை, கெட்டுப்போகட்டும் என்றும் வேண்ட முடியவில்லை. ஸ்கூட்டியை உதைத்த உதையில் அது முதல் உதைக்கே கிளம்பிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் வீட்டில் இருந்தால் அம்மா கேள்வி கேட்பாள் என்று அவள் அப்பாவோடு நோணாங்குப்பத்துக்குப் போய்விட்டாள். அப்பா முருகையன், ஊரில் இருந்த பஞ்சு மில் மூடும்வரை அதன் நெசவுப் பிரிவில் இருந்தவர். இப்போது படகுக் குழாமில், சுற்றுலா வந்தவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டுப் படகேற்றும் வேலை. ஒரு தடிமனான மனிதருக்கு ஜாக்கெட்டின் கொக்கி எட்டவில்லை. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி முருகையன் மாட்டிக்கொண்டிருந்தார். மேனகா நிழலில் உட்கார்ந்து காயலைப் பார்த்தாள். எதிலும் மனம் ஒட்டவில்லை. பத்தரை தாண்டியும் போன் வரவில்லை. அப்படியென்றால் எல்லாம் நன்றாக நடக்கிறது, நான்தான் ராசியில்லாதவள் என்று முடிவாகிவிட்டது என்று நினைத்தாள். கண் கலங்கியது.

பதினொன்றுக்குப் போன் அடித்தது. அஞ்சலாட்சி.

“எங்கடி இருக்க? ஓடியா. ஒண்ணும் தொறக்கல!”

“பத்தரைக்குச் சரியாயிருக்குமே அக்கா?”

“அதான்டி இல்ல! ராகு காலம் பொறந்து எவ்ளோ நேரமாச்சு, இன்னும் அதே கூத்துதான். அந்த மதாம் வேற வந்து உக்காந்திருக்குது. சாரு கரண்டு கரண்டுன்னு ஏதோ சொல்லிச் சமாளிக்கறாரு. லைட்டு எரியுது, ஃபேன் சுத்துது, இன்னா கரண்டு? இரு, இந்த இனியவன் ஏதோ சொல்லணும்ங்கறான்.”

“மேனகா, ஒரு விஷயம். திட்டாத” என்றான் இனியவன். “கடுப்புல பழைய பாஸ்வேர்டப் போட்டுப் பாத்தேன். முருகன். உள்ள வுட்டுடுச்சு.”

“என்னாது?”

“ஆனா உள்ள எல்லாம் போன வருஷத்துச் சீட்டுதான் இருக்கு. இந்த வருஷத்து ஃபோல்டரே காணோம்.”

மேனகா எழுந்து நின்றுவிட்டாள். புதிய சர்வருக்கு முருகனைத் தெரியாது. அவள் அதற்கு அதைச் சொல்லிக் கொடுக்கவே இல்லை. முருகனைத் தெரிந்தது ஒரே ஒரு பெட்டிக்குத்தான். புதுப் பாஸ்வேர்டைத் தப்பு என்று இத்தனை வெள்ளிக்கிழமையாக விரட்டியதும் அதுதான். புதிய சர்வரின் குறிப்பில் அது இல்லாததில் என்ன ஆச்சரியம்? காயலான் கடைக்குப் போனதாகச் சொல்லப்பட்ட பழைய சர்வர் எங்கேயோ உயிரோடு உட்கார்ந்துகொண்டு, அதே பெயரில், அதே விலாசத்தில் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஒரே தெருவில் ஒரே கதவு எண்ணோடு இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? எந்தக் கதவு முதலில் திறக்கிறதோ அங்கே கொடுத்துவிட்டுப் போவார்.

“அப்பா, நான் ஆபீஸ் போறேன்” என்று கத்தினாள்.

“லீவுன்னியே?” என்றார் முருகையன், கையில் யாரோ ஒருவருடைய கொக்கியோடு.

அவள் அதற்குள் ஸ்கூட்டியில் இருந்தாள். அரியாங்குப்பம் பாலத்தில் அன்றைக்கென்று ஒரு கரும்பு லாரி குறுக்கே நின்றது. அவள் அந்த லாரிக்காரரிடம் பேசியதை இங்கே எழுத முடியாது.

அலுவலகக் கூடத்தில் மதாம் ஷந்தால் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நரைத்த குட்டை முடி, முழங்கை வரை மடித்துவிட்ட வெள்ளைச் சட்டை, முன்னால் ஆறிப்போன காபி. ஜானகிராமன் பக்கத்தில் நின்று வியர்த்துக்கொண்டிருந்தார். மேனகாவைப் பார்த்ததும் அவருக்கு வந்தது கோபமா நிம்மதியா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

“உன்ன யாரு வரச் சொன்னது?”

“நான்தான் சார்” என்றாள் அஞ்சலாட்சி. “இல்லாதப்பவும்தான் கெட்டுச்சே. இருந்துதான் பாக்கட்டுமே.”

மேனகா நேராகக் கடைசி வரிசைக்குப் போனாள். இனியவனின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு பெட்டியின் நெட்வொர்க் அட்டைக்கும் செய்யும்போதே ஓர் எண் அடித்து அனுப்புவார்கள். விலாசம் எத்தனை முறை மாறினாலும் அந்த எண் கூடவே இருக்கும். சர்வரின் விலாசத்திலிருந்து இப்போது பதில் சொல்வது யார் என்று கேட்டாள். வந்த எண் அவளுடைய புதிய சர்வரின் எண் இல்லை. சந்தேகம் தீர்ந்தது. இனி வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டியதுதான் பாக்கி.

“இனியவா, அந்தப் பழைய சர்வர் பதில் சொல்லிட்டே இருக்கும், ஸ்கிரீன்ல வரிவரியா வரும். நின்னுச்சுன்னா கத்து” என்று சொல்லிவிட்டு, மூலையில் இருந்த ஸ்விட்ச் பெட்டிக்குப் போனாள். ஒரு வயரைப் பிடுங்கினாள். “வருது” என்றான். அதை மாட்டிவிட்டு அடுத்ததைப் பிடுங்கினாள். “வருது.” அடுத்தது. “வருது, வருது.” அடுத்ததைப் பிடுங்கியதும், “நின்னுடுச்சு!” என்று அலறினான்.

மேனகா கையில் இருந்த வயரைப் பார்த்தாள். அது முதலாளி அறைக்குப் போகும் வயர். மறுபடி மாட்டினாள், வந்தது. மறுபடி பிடுங்கினாள், நின்றது. சந்தேகமே இல்லை. அதைத் திரும்ப மாட்டிவிட்டு நேராக அந்த அறைக்குள் போனாள். ஜானகிராமன் பதறிக்கொண்டு பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினார்.

முதலாளியின் கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது. அதற்குப் போக வேண்டிய வயர் அதில் இல்லை. சுவரிலிருந்து கிளம்பி, தரையோடு ஓடி, மணி கட்டிய தேக்குப் பூஜை அலமாரியின் கதவுக்கு அடியில் நுழைந்திருந்தது.

“சார், இதத் தொறங்க.”

“அது சாமி அலமாரிம்மா.”

“சாமிக்கு எதுக்கு சார் நெட்வொர்க் வயரு?”

ஜானகிராமன் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தார். மணிகள் சிணுங்கின. மேல்தட்டில் மகாலட்சுமி, முருகன், பிள்ளையார். கீழ்த்தட்டில், நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இட்டு, முல்லைச் சரம் சுற்றி, பழைய சர்வர் முனகிக்கொண்டிருந்தது. அதன் முதுகில் பச்சை விளக்கு சுறுசுறுப்பாக மினுக்கியது.

“காயலான் கடைன்னு சொன்னீங்களே சார்.”

“மனசு வரல” என்றார் ஜானகிராமன். “மில்லு மூடினப்ப நான் அங்க கிளார்க்கு. கையில ஒண்ணுமில்ல. ஊரெல்லாம் கேட்டு இந்த ஒரு மிஷின வாங்கினேன். இதுலதான் எல்லாமே வந்துச்சு. வெள்ளிக்கெழம காலைல போட்டுக் கற்பூரம் காட்டிட்டு, ராகு காலத்துக்குள்ள அணைச்சிடுவேன். இன்னிக்கு அந்தம்மா சீக்கிரமே வந்துட்டாங்க. அணைக்க நேரமில்லாம அப்பிடியே பூட்டிட்டேன்.”

“கற்பூரம் காட்டுங்க சார், வேணாம்ங்கல. வயர எதுக்கு மாட்டுனீங்க?”

“வயரு மாட்டினாதாம்மா அந்தப் பச்ச லைட்டு மினுக்குது. அது மினுக்கினாதான் உயிரோட இருக்கற மாதிரி இருக்கு.”

அதே மில் மூடிய நாளில்தான் மேனகாவின் வீடும் இருண்டது. அந்த மனிதர் மேல் அவளுக்கு இரக்கம் வந்தது. பின்னாலேயே, அதைவிடப் பெரிதாக, இத்தனை நாள் அடக்கி வைத்த ஆத்திரமும் வந்தது.

“இதுவும் புது சர்வரும் ஒரே வெலாசத்துல நிக்கிது சார். அதான் யாராலயும் உள்ள போக முடியல. உங்க ராசிய இங்க வச்சுப் பூட்டிக்கிட்டு, என்ன ராசியில்லாதவன்னு வீட்டுக்கு அனுப்புனீங்களே, எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? எங்கம்மாவ பால் கடைல நிறுத்திக் கேக்கறாங்க சார்.”

ஜானகிராமன் தலையைக் குனிந்துகொண்டார். மேனகா வயரை நோக்கிக் கை நீட்டினாள், பிறகு இழுத்துக்கொண்டாள். “நீங்களே புடுங்குங்க சார்” என்றாள்.

அவர் குனிந்து, முல்லைச் சரம் அறுந்துவிடாமல் மெதுவாக விலக்கி, வயரைப் பிடுங்கினார். பச்சை விளக்கு அணைந்தது. கூடத்தில் முதலில் ஒரு குரல் கேட்டது, பிறகு பல குரல்கள். வந்துடுச்சு, எனக்கும் வந்துடுச்சு என்று கல்யாண வீடு மாதிரி ஒரே சத்தம்.

அந்தச் சத்தத்தில் ஜானகிராமனுக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் பழைய ஆளும் வந்துவிட்டார். அலமாரியைப் பூட்டினார், நெற்றியைத் துடைத்துக்கொண்டார், கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்குப் போய்க் கையை உயர்த்தினார்.

“பாத்தீங்களா! மேனகா வந்து கால் வச்சா, எல்லாம் சரியாயிடுச்சு. யாரும் இனிமே அந்தப் பொண்ண ஒண்ணும் சொல்லக் கூடாது. அது ராசியான பொண்ணு!”

கைதட்டல் எழுந்தது. அஞ்சலாட்சி மேனகாவின் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியோரம் சொடுக்கினாள். இப்படியே சிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் எல்லாம் சுபம். ஆனால் மேனகாவுக்கு உள்ளே சுருக்கென்றது. இன்று ராசி வந்தது. அடுத்த வாரம் மழையில் கரண்டு போனால், அதே ராசி போய்விட்டது என்பார்கள். கொடுத்தவர்களுக்கு எடுக்கவும் தெரியும். இந்தப் பட்டம் அவளுக்கு வேண்டாம்.

“ராசியெல்லாம் ஒண்ணுமில்ல சார்” என்றாள். கைதட்டல் ஓயும் முன்பே தொடர்ந்தாள். “கெட்டதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு. உங்களுக்குத் தெரியும். நீங்களே சொல்லிடுங்க.”

கைதட்டல் நின்றது. ஜானகிராமன் மேனகாவைப் பார்த்தார், தன் அறையைப் பார்த்தார், கடைசியில் தன் செருப்பைப் பார்த்தார். “பழைய மிஷின் என் ரூம்லதான் இருக்குது. வெள்ளிக்கெழம நான்தான் போட்டு வுட்டேன். தப்பு என்னுது. அந்தப் பொண்ணு மேல ஒண்ணுமில்ல” என்று தமிழில், வாய்க்குள்ளேயே முணுமுணுத்தார். முன் வரிசைக்கே சரியாகக் கேட்டிருக்காது.

மதாம் ஷந்தால் அஞ்சலாட்சியின் பக்கம் திரும்பி, அவர் என்ன சொன்னார் என்று கேட்டார். அஞ்சலாட்சி எழுந்து நின்று, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, மொழிபெயர்த்தாள். முதலாளி சொன்னது நான்கு வாக்கியம், அவள் சொன்னது நாற்பது. பூஜை அலமாரியில் வயர் இருக்கும் என்பதை அவள் எப்படி ஊகித்தாள் என்று தெரியவில்லை, ஒருவேளை கதவருகே நின்றிருக்கலாம். சந்தனம், குங்குமம், முல்லை, பச்சை விளக்கு, வெள்ளிக்கிழமை, ராகு காலம், இந்தப் பெண்ணை ராசியில்லாதவள் என்று வீட்டுக்கு அனுப்பியது, அதை முதலில் சொன்ன பாவி தானேதான் என்பது வரை ஒன்று விடாமல், கணீரென்ற பிரெஞ்சில், கடைசி வரிசை வரை கேட்கும்படி சொல்லி முடித்து, “வுவாலா”, அதாவது இதோ இதுதான் சங்கதி, என்று உட்கார்ந்தாள். அந்தக் கூடத்தில் பிரெஞ்சு தெரியாத ஆள் மேனகா ஒருத்திதான். அவளுக்கு மற்றவர்களின் முகங்களைப் பார்த்தே முழுதும் புரிந்தது.

மதாம் ஷந்தால் சிரிக்கவுமில்லை, முகம் சுளிக்கவுமில்லை. ஆறிய காபியை ஒரு மடக்குக் குடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை இது நடக்குமா என்று அஞ்சலாட்சி அதைத் தமிழாக்கினாள்.

எல்லோரும் முதலாளியைப் பார்த்தார்கள். அவர் மேனகாவைக் காட்டினார். “அவங்களக் கேளுங்க. அது அவங்க வேல.”

“நடக்காது” என்றாள் மேனகா. “என்னான்னு தெரிஞ்சிடுச்சு. தெரிஞ்சது மறுபடி வந்தாலும் சரி பண்ணிடுவேன்.”

மதாம் தலையசைத்துவிட்டு, சரி, சீட்டுகளைக் காட்டுங்கள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கூடம் மறுபடி தட்டத் தொடங்கியது. யாரோ ஒருவருக்கு வெண்ணெயில் உப்புப் போதவில்லையாம். மேனகா சர்வர் இருந்த மூலைக்குப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜானகிராமன் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்து நின்றார்.

“வேற ஏதாவது சொல்லணுமாம்மா?”

“ஒண்ணே ஒண்ணு சார்” என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “இன்னிக்கு எனக்கு லீவுன்னு போட்டுடாதீங்க. வேலைக்கு வந்திருக்கேன்.”